ஐந்து வருடக் குளிசை

மருந்து எடுக்க வருகிறவர்களுக்காகக் கட்டிவைக்கும் வெள்ளைக் கடதாசிப் பைகள் எங்கள் கடையில் பெயர் வரிசைப்படி அடுக்கப்பட்டிருக்கும். அந்த வருடத்துச் சித்திரை மாதம், மழை தூறிய ஒரு பிற்பகலில், கடைசித் தட்டிலிருந்து ஒரு பையை எடுத்து, அதன் வாயில் அடித்திருந்த கம்பியைக் கழற்றி, உள்ளே இருந்த சிறிய போத்தலை வெளியே எடுத்தேன். இரண்டு கிழமைக்கு மேல் யாரும் வந்து எடுக்காத மருந்தை மறுபடி இருப்பில் சேர்த்துவிட வேண்டும் என்பது கடை வழக்கம். போத்தலில் ஒட்டியிருந்த பெயரைக் கிழித்தேன். அந்தப் பெயரை நான் கிழிப்பது அது முதல் தடவையல்ல. ஒவ்வொரு முறையும் அவர் கேட்டே கிழித்திருக்கிறேன். இந்த முறை கேட்பதற்கு அவர் வரவில்லை.

அது போர் முடிந்த வருடம். முடியப்போகிறது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது, அல்லது தெரிந்தும் ஒருவரும் வாயால் சொல்லவில்லை. ஸ்காபரோவில் எங்கள் மருந்துக்கடை இருந்த பிளாசாவில் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைத் தொலைக்காட்சி காலை முதல் மூடும்வரை ஓடிக்கொண்டேயிருந்தது. கொத்துரொட்டிக்குச் சொல்லிவிட்டு நின்றவர்கள் அது ஆறிப்போனதுகூடத் தெரியாமல் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் பதாகைகளைச் சுருட்டிக்கொண்டு நகரின் நடுவுக்கு ரயில் ஏறினார்கள். அந்த வசந்த காலத்தில் நீரிழிவுக்காரர் நீரிழிவை மறந்தார்கள், பிரஷர்காரர் பிரஷரை மறந்தார்கள். எங்கள் தட்டுகளில் பைகள் தேங்கின. நான் அன்ரி என்று கூப்பிடும் அவருடைய பையையும் அவற்றில் ஒன்றாகத்தான் நினைத்தேன். அவருடைய அக்கா வன்னியில் இருந்தார் என்பது எனக்குத் தெரியும். இந்த நேரத்தில் போய் மாத்திரையைப் பற்றி எப்படிக் கேட்பது என்று எனக்கு நானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன்.

எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. பதினொரு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். அந்தக் கடையில் உதவியாளராக இருந்தேன். மருந்தாளருக்கான படிப்பைப் பிறகுதான் படித்தேன். அன்ரிக்கு ஐம்பத்தாறு வயதிருக்கும். கலியாணம் கட்டவில்லை. பதினைந்து வருடங்களுக்கு முன் தமையனார் கூப்பிட்டு வந்து, அவருடைய இரண்டு பிள்ளைகளையும் வளர்த்து ஆளாக்கினார். பிள்ளைகள் வளர்ந்ததும் தமையனின் குடும்பம் வேலைக்காகக் கல்கரிக்குப் போய்விட்டது. அன்ரி மோர்னிங்சைட்டில் ஒரு தொடர்மாடிக் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் தனியே தங்கிவிட்டார். வைத்தியசாலைத் துணிகளைத் தோய்த்து மடித்து அனுப்பும் ஒரு பெரிய சலவைத் தொழிற்சாலையில் அவருக்கு வேலை.

மார்பில் புற்றுநோய் என்று தெரிந்ததும் அவர் அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. வேலையிடத்தில் பித்தப்பையில் கல் என்று சொல்லி லீவு எடுத்தார். சத்திரசிகிச்சைக்கு பஸ்ஸில் போனார், கதிர்ச் சிகிச்சைக்கும் ஐந்து கிழமை பஸ்ஸிலேயே போய்வந்தார். தமையனுக்குக்கூடத் தெரியாது. அது முடிந்தபின், நோய் திரும்பாமல் இருக்க நாளுக்கு ஒன்றாக ஐந்து வருடம் விழுங்க வேண்டிய குளிசைக்கான சீட்டோடு எங்கள் கடைக்கு வந்தார். போத்தலை நீட்டியபோது சுற்றிவரப் பார்த்துவிட்டு, "பிள்ளை, உந்தப் பேரைக் கிழிச்சு விடும். வீட்டுக்கு ஆரும் வந்தால் பாப்பினம்," என்றார். அவருடைய வீட்டுக்கு யாரும் வருவதில்லை என்று பிறகுதான் விளங்கியது. அவருடைய நோயைத் தெரிந்த ஒரே தமிழ் ஆள் நான் என்பதும் பிறகுதான் விளங்கியது. எனக்கும் அவரே வாய்விட்டுச் சொல்லவில்லை. சீட்டு சொன்னது.

மூன்று மாதத்துக்கென்று கொடுத்த குளிசை முடிகிற நாள் வந்தால் எங்கள் கணினி தானாகவே வீட்டுக்குத் தொலைபேசி எடுக்கும். பதிவுசெய்து வைத்த ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில், உங்கள் மருந்து தயார், இன்னதற்கு ஒன்றை அழுத்துங்கள், இன்னதற்கு இரண்டை அழுத்துங்கள் என்று சொல்லும். வன்னியிலிருந்து அக்காவின் குரல் வருமோ என்று மாதக்கணக்காகத் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருந்த ஒருவருக்கு அந்தக் குரல் மூன்று தடவை போயிருக்கிறது. மூன்று முறையும் பாய்ந்து எடுத்திருக்கிறார், மூன்று முறையும் ஏதோ விற்கிறவர்கள் என்று வைத்திருக்கிறார். கணினி தன் வேலையை ஒழுங்காகச் செய்து, 'தகவல் சொல்லப்பட்டது' என்று மூன்று முறை பதிந்தது. நான் ஒரு தடவை எடுத்து, "அன்ரி, நான் கதைக்கிறன்," என்று சொல்லியிருக்கலாம்.

வைகாசி கடைசியில், எல்லாம் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சி சொல்லி ஒரு கிழமைக்குப் பிறகு, அன்ரி கடைக்கு வந்தார். மருந்து எடுக்க வரவில்லை, இருமலுக்கு ஏதும் தரும்படி கேட்டு வந்தார். மெலிந்திருந்தார். பிளாசா முழுவதும் ஒரு செத்தவீட்டு அமைதி. வேறு வாடிக்கையாளர் இல்லாததால் துணிந்து கேட்டேன்.

"அன்ரி, குளிசை எடுக்கிறீங்களோ?"

"இல்லைப் பிள்ளை. தை மாசத்தோடை விட்டிட்டன்."

"அக்காவின்ரை யோசனையிலையோ?"

அவர் முகம் மாறியதை நான் மறக்கவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. இத்தனை காலம் பழகிய நீயுமா என்பதுபோல ஒரு பார்வை.

"அக்காவை உதுக்குள்ளை இழுக்காதையும். கை பிள்ளை, கை." இரண்டு கைகளையும் எனக்கு முன்னால் மேசையில் வைத்தார். "விடிய எழும்பினால் விரல் மடங்காது. மடங்கினால் நிமிராது. சீப்பைப் பிடிக்கேலாது. ஒரு நாளைக்கு எத்தினை கட்டில் விரிப்பு மடிக்கிறன் தெரியுமோ? இந்தக் கை இல்லாட்டி எனக்கு என்ன இருக்கு? குளிசையை விட்டு ரெண்டு மாசத்திலை விரல் விரிஞ்சிட்டுது."

"டொக்டருக்குச் சொல்லேல்லையோ?"

"சொன்னனான். ஏன் சொல்லேல்லை?"

சொன்ன கதை இது. கிளினிக்கில் மொழிபெயர்ப்புக்கு ஆள் இல்லாத நாள். தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு எங்கிருந்தோ ஒரு தம்பியைப் பேச வைத்தார்கள். அவர் பேசியது தமிழ்நாட்டுத் தமிழ். அன்ரி, "கை விறைக்குது," என்றார். விறைத்துப்போய் அசைக்க முடியவில்லை என்ற பொருளில் சொன்னார். அந்தத் தம்பி குளிரில் விறைக்கிறது என்று விளங்கிக்கொண்டு அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். வைத்தியர் யன்னலுக்கு வெளியே விழுந்துகொண்டிருந்த பனியைக் காட்டிச் சிரித்து, நல்ல கையுறை வாங்கிப் போடச் சொன்னார். "பதினைஞ்சு வின்ரர் கண்டவளுக்குக் கிளவுஸ் போடச் சொல்லுறார்," என்றார் அன்ரி. அதற்குமேல் அங்கே என்ன பேசுவது என்று வெளியே வந்துவிட்டார். அடுத்த தவணைக்குப் போகவில்லை.

வைத்தியரையோ அந்தத் தம்பியையோ நான் குறை சொல்ல மாட்டேன். 'விறைக்குது' என்று என் அம்மா சொல்வதையே கேட்டு வளர்ந்த நான் எத்தனையோ மாதங்கள் அவர் முன்னால் நின்று, பெயரைக் கிழித்து, தண்ணீரோடு விழுங்குங்கோ என்று சொல்லிப் பையை நீட்டினேன். குளிசை உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

ஆனி மாதம் லீவு போட்டு அவரோடு கிளினிக்குக்குப் போனேன். இந்தத் தடவை வேறொரு வைத்தியர், இளம் பெண், கனிவானவர். கோப்பைப் புரட்டிவிட்டு என்னைப் பார்த்துப் பேசினார். இந்தக் குளிசையை இடையில் விட்டுவிடுவது வெள்ளை இனப் பெண்களைவிட மற்ற இனப் பெண்களிடம் கூடவாகக் காணப்படுகிறது என்றார். உங்கள் சமூகத்தில் இந்த மருந்தைப் பற்றி ஏதாவது நம்பிக்கை இருக்கிறதா, கடவுள் பார்த்துக்கொள்வார் என்பதுபோல, அல்லது நாட்டு வைத்தியம் ஏதாவது செய்கிறாரா என்று கேட்டார். நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. அதைச் சொல்லாமல் மறைத்துவிடலாமா என்றும் ஒரு கணம் நினைத்தேன். பிறகு ஒரு சொல் விடாமல் அன்ரிக்குச் சொன்னேன்.

அன்ரி யோசித்தார். மடியில் இருந்த கைப்பையை நேராக வைத்தார். "கேளும் பிள்ளை. உந்தக் குளிசையை விடாமல் எடுக்கிற வெள்ளைக்காரியளிலை எத்தினை பேர் துணி மடிக்கிற வேலை செய்யினம் எண்டு கேளும்."

அதையும் ஒரு சொல் விடாமல் சொன்னேன். வைத்தியர் பேனாவை மூடினார். கோப்பையும் மூடினார். கதிரையை இழுத்து அன்ரிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, கையைப் பொத்துங்கள், விரியுங்கள் என்று ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தார். இந்தக் குளிசை மூட்டுகளைப் பிடிப்பது பலருக்கும் நடப்பதுதான் என்றும், முதல் நாளே இதைச் சொல்லியிருக்க வேண்டும் என்றும், அதற்காகத் தான் வருந்துவதாகவும் சொன்னார். வேறொரு குளிசை எழுதித் தந்தார். ஆறு கிழமையில் கை எப்படி என்று பார்ப்போம், அதுவும் பிடிக்காவிட்டால் இன்னொன்று இருக்கிறது, விட்டுவிடாமல் என்னிடம் வாருங்கள் என்றார். கால் மணித்தியாலம்கூட ஆகவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அன்ரி யன்னலோரம் இருந்தார். புதுச் சீட்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். பிறகு, "அக்காவுக்கு என்ரை வருத்தம் தெரியாது," என்றார். "அங்கை அவ படுற பாட்டுக்குள்ளை இதையும் ஏன் சொல்லுவான் எண்டு விட்டிட்டன். சண்டை முடிய ஆறுதலாச் சொல்லுவம் எண்டு. இப்ப சண்டை முடிஞ்சுது. ஆள் எங்கை எண்டு தெரியாது." யாருக்கோ நடந்த கதையைச் சொல்வதுபோல வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். எங்கள் தரிப்பிடத்துக்கு ஒன்று முன்னாலேயே மணியை அடித்துவிட்டேன். இருவரும் இறங்கி, மிச்சத் தூரத்தை நடந்தோம்.

ஆடியில் செய்தி வந்தது. அக்காவின் ஊர்ப் பெண் ஒருவர் முகாமிலிருந்து யார் யாரோ மூலமாகச் சொல்லியனுப்பியிருந்தார். அக்கா மாசி மாதமே போய்விட்டார். பதுங்கு குழிக்கு வெளியே அடுப்பு மூட்டப் போனவர். மாசியிலிருந்து ஆடிவரைக்கும், இனி அடிக்கவே போகாத ஒரு தொலைபேசிக்கு அன்ரி காத்திருந்திருக்கிறார். இனி இந்தக் குளிசையும் போச்சு என்று நினைத்தேன். ஆனால் செய்தி வந்த மூன்றாம் நாள், புதுக் குளிசையின் முதல் மாத மருந்து முடிகிற அன்றைக்கே, வேலை உடுப்போடு கடை வாசலில் நின்றார். "அன்ரி..." என்று தொடங்கினேன். "ஒண்டும் கதையாதையும் பிள்ளை. பையைத் தாரும்," என்றார்.

அந்த வருடம் இலையுதிர் காலத்தில் அவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஜமைக்காவில் பிறந்த, உயரமான, அறுபதை நெருங்கிய கறுப்பினப் பெண். சலவைத் தொழிற்சாலையில் கட்டில் விரிப்பின் ஒரு நுனியை அன்ரி பிடித்தால் மறு நுனியை இவர் பிடிப்பார். ஏழு வருடம் இப்படி எதிரெதிரே நின்று துணி மடித்தவர்களுக்கு ஒருவரைப் பற்றி ஒருவருக்கு ஒன்றும் தெரியாது. அன்ரியின் ஆங்கிலம் வேலைக்கு வேண்டிய அளவு மட்டும். போன பனிக்காலத்தில் ஒரு நாள், குளிசை செய்கிற வேலையால் உடம்பெல்லாம் திடீரென்று கொதித்து வியர்த்து, அன்ரி பின்பக்கம் லொறிகள் வரும் கதவைத் திறந்துகொண்டு பனிக்குள் போய் நின்றிருக்கிறார். அங்கே மேலங்கி இல்லாமல், நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு இவரும் நின்றாராம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இவர் தன் மார்பில் கை வைத்து, தலையைச் சாய்த்து, கண்ணால் கேட்டார். அன்ரி தன் மார்பில் கை வைத்து, ஓம் என்று தலையாட்டினார். தமையனுக்குச் சொல்லாததை, எனக்கே சொல்லாததை, அவர் முதன்முதலாகச் சொன்னது அந்தப் பெண்ணுக்குத்தான்.

இவரும் குளிசையை விட்டிருந்தார். அதே விரல் நோ. இவருக்கு ஆங்கிலம் தாய்மொழி, மொழிபெயர்ப்பு ஒன்றும் தேவையில்லை. ஆனாலும் நோகிறது என்று சொன்னபோது வயதாகிறதுதானே என்றார்களாம். "இவவுக்கும் கையைப் பாக்கச் சொல்லிக் கடிதம் எழுதும் பிள்ளை," என்றார் அன்ரி. எங்கள் மருந்தாளரைக் கொண்டு இவருடைய வைத்தியருக்கு எழுதுவித்தேன். இவருக்கும் குளிசை மாறியது. அதன்பிறகு நான்கு வருடம், அந்த இரண்டு பெயர்ப் பைகளும் எங்கள் தட்டில் ஒரு நாள்கூடத் தேங்கியதில்லை.

நன்றாக முடிந்தது என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் ஐந்தாம் வருடம் முதுகு நோவில் தொடங்கி, அன்ரிக்கு அது எலும்பில் வந்துவிட்டதாகத் தெரிந்தது. தையிலிருந்து ஆனிவரை விட்ட அந்த மாதங்கள்தான் காரணமா என்று நான் அந்த வைத்தியரிடம் தனியே கேட்டேன். அதை ஒருவராலும் சொல்ல முடியாது, ஒழுங்காக எடுத்தவர்களுக்கும் திரும்பி வருவதுண்டு என்றார். அது உண்மை என்று இப்போது படித்தவள் என்ற முறையில் எனக்குத் தெரியும். தெரிவது வேறு. அன்ரி அந்தக் கேள்வியை ஒருவரிடமும் கேட்கவில்லை. வைத்தியசாலையில் போய்ப் பார்த்தபோது, கட்டில் விரிப்பின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே, "இது எங்கடை இடத்திலை மடிச்சதில்லை. விளிம்பு கோணல்," என்று மட்டும் சொன்னார்.

கார்த்திகையில் போனார். கல்கரியிலிருந்து தமையனும் பிள்ளைகளும் வந்தார்கள். மண்டபத்தில் முன்வரிசைகளே நிரம்பவில்லை. பேசியவர்கள் அன்ரி திடீர்ச் சுகவீனத்தால் காலமானதாகச் சொன்னார்கள். அந்த நோயின் பெயர் அன்றைக்கும் யார் வாயிலும் வரவில்லை. கடைசி வரிசையில் கறுப்புத் தொப்பி அணிந்து, நிமிர்ந்து, அந்த ஜமைக்காப் பெண் இருந்தார். விளங்காத தேவாரத்தை முழுவதும் கேட்டார். யாரென்று ஒரே ஒருவர்தான் கேட்டார். வேலையிடத்து ஆள் என்று நானும் அவருக்குச் சொல்லி நிறுத்திக்கொண்டேன்.

அடுத்த மாதம் தன் மருந்து எடுக்க அவர் கடைக்கு வந்தார். கடையில் கூட்டமில்லை. பையை வாங்கியும் போகாமல் நின்றார். வீட்டில் விடிய எழும்ப மனமில்லை என்றார். பிறகு ஒரு சங்கதி சொன்னார், அதுவரை எனக்குத் தெரியாதது. நான்கு வருடமாக, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், காலை ஐந்தே முக்காலுக்கு அன்ரி அவருக்குத் தொலைபேசி எடுப்பாராம். இருவரும் ஆளுக்கொரு குளிசையை வாயில் போட்டு, தொலைபேசியைக் காதில் வைத்தபடியே தண்ணீர் குடிப்பார்களாம். மறுபக்கம் விழுங்கும் சத்தம் கேட்டதும் வைத்துவிடுவார்களாம். அவ்வளவுதான். வேறு பேச்சு இருவருக்கும் வராது. வைத்தியசாலைக்குப் போன பிறகும், அன்ரியின் அந்தக் குளிசையை வைத்தியர்கள் நிறுத்திய பிறகும், அன்ரி தொலைபேசி எடுப்பதை நிறுத்தவில்லை. வெறும் தண்ணீர் குடித்தார் என்று இவருக்குத் தெரியுமாம்.

"இப்போது நானே தனியே மருந்து எடுக்கிறேன்," என்றார். "அது பரவாயில்லை. ஆனால் அவள் தொலைபேசியில் முதலில் ஒரு வணக்கம் சொல்வாள், உங்கள் மொழியில். நானும் திரும்பச் சொல்வேன். அதைத்தான் காலையில் காது தேடுகிறது. உங்கள் மொழியில் காலை வணக்கம் எவ்வளவு சின்னதாக, அழகாக இருக்கிறது."

என்ன சொல்வார் என்று கேட்டேன். நாங்கள் காலையில் அப்படி ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக்கொள்வதில்லையே என்று எனக்குள் ஒரு யோசனை.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அன்ரியின் குரலில் இருந்த அதே இழுப்போடு, தெளிவாகச் சொன்னார்: "குளிசை."

அவர் என் முகத்தைப் பார்த்தபடி, சரியாகச் சொன்னேனா என்று காத்துக்கொண்டு நின்றார்.

"குளிசை," என்றேன் நானும்.